வாசல்வரை வந்த கூட்டம்

2008 ஆகஸ்ட் மாதம். இந்தி 'பிக் பாஸ்' நிகழ்ச்சியின் இரண்டாவது சீசனுக்கு ஜேட் குடி என்ற ஆங்கிலேயப் பெண் போட்டியாளராக வந்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்து சில நாள்கூட ஆகவில்லை. தனியறைக்கு அழைக்கப்பட்ட அவரிடம், ஊரில் கொடுத்துவிட்டு வந்திருந்த பரிசோதனையின் முடிவு சொல்லப்பட்டது: கருப்பைவாய்ப் புற்றுநோய். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் போட்டியை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். ஏழே மாதத்தில், 2009 மார்ச் 22 அன்று, 27 வயதில் இறந்துபோனார். பிரிட்டனில் அன்று அன்னையர் ஞாயிறு. அவருக்கு இரண்டு சிறு மகன்கள்.

அந்த மாதங்களில் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்பதை ஆய்வாளர்கள் பின்னர் எண்ணிப் பார்த்தார்கள். 2008 நடுப்பகுதி தொடங்கி ஓராண்டில், வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் சுமார் 4,78,000 கருப்பைவாய்ப் பரிசோதனைகள் நடந்திருந்தன. அவர் இறந்த மார்ச் மாதத்தில் மட்டும் எதிர்பார்த்ததைவிட 70 சதவீதம் அதிகம். எந்தச் சுவரொட்டியும் எந்த அமைச்சரின் வேண்டுகோளும் செய்யாத வேலை இது.

பிரபலங்களின் செல்வாக்கைப் பற்றி நாம் பேசும்போது இரண்டு பேச்சுகள்தான் கேட்கின்றன. நடிகர்களைப் பார்த்து இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்பது ஒன்று. ஒரு நடிகரைத் 'தூதுவர்' ஆக்கிவிட்டால் விழிப்புணர்வு தானே வந்துவிடும் என்பது மற்றொன்று. செல்வாக்கு உண்டா இல்லையா என்ற கேள்வியோடு இரண்டும் நின்றுவிடுகின்றன. செல்வாக்கு உண்டு, அதை நிரூபிக்க இனி ஆராய்ச்சி தேவையில்லை. கேட்க வேண்டியது, வந்த கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எதை நம்பி வந்தார்கள், வந்தவர்களை வாசலில் யார் எதிர்கொண்டார்கள் என்பதைத்தான். புகழுக்குக் கூட்டத்தைக் கூட்டத் தெரியும். அதைத் தரம் பிரிக்கத் தெரியாது.

ஜேட் குடியிடம் நாம் வழக்கமாக நட்சத்திரம் என்று சொல்லும் தகுதி எதுவும் இல்லை. தென்கிழக்கு லண்டனின் பெர்மாண்ட்சி பகுதியில் வறுமையில் வளர்ந்தவர், பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். 2002இல் பிரிட்டனின் 'பிக் பிரதர்' வீட்டுக்குள் போனார். வெல்லவில்லை. பாடகி அல்ல, நடிகை அல்ல. தொலைக்காட்சியில் தெரிந்தார் என்பதே அவருடைய தொழிலாயிற்று. கிழக்கு ஆங்கிலியா என்பது தன் நாட்டிலேயே இருக்கும் பகுதி என்று அவருக்குத் தெரியவில்லை என்பதை வைத்துப் பத்திரிகைகள் வாரக்கணக்கில் சிரித்தன. சிரித்த பத்திரிகைகளே அவர் படத்தைப் போட்டு விற்பனையைப் பெருக்கின. 2007இல் பிரபலங்களுக்கான 'பிக் பிரதர்' வீட்டில் இந்தி நடிகை ஷில்பா ஷெட்டியை இனவெறியோடு இழிவுபடுத்தினார் என்று 40,000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. இந்தியாவில் அவர் கலந்துகொண்ட சீசனைத் தொகுத்து வழங்கியவர் அதே ஷில்பா ஷெட்டிதான்.

பிழைக்க மாட்டோம் என்று தெரிந்த பிறகு தன் திருமணத்தைப் படமெடுக்கும் உரிமையைப் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் விற்றார். மரணத்தை விற்றுக் காசு பார்க்கிறார் என்று பலர் முகம் சுளித்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் வேண்டும் என்றார் அவர். எனக்கு அந்தப் பதிலில் குறை தெரியவில்லை. படிப்பு, குடும்பச் சொத்து, கைத்தொழில் என்று எந்த ஏணியும் கிடைக்காத ஒரு பெண்ணுக்குப் புகழ் ஒன்றுதான் முதல். அதை வட்டிக்கு விட்டார். வெற்றி என்றால் என்ன என்று 2000க்குப் பிந்தைய தொலைக்காட்சி ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் அப்படியே வாழ்ந்து காட்டினார். அதற்கான விலையையும் கேமரா முன்னாலேயே கொடுத்தார்.

அவர் பேச்சு எடுபட்டதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பரிசோதனைக்குத் திரும்ப வரச்சொல்லி வந்த கடிதத்தைப் பொருட்படுத்தாமல் விட்டதாக அவரே சொன்னார். அப்படிப்பட்ட கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவைத்திருந்த பெண்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பளபளப்பான நடிகை ஒருவர் சொல்லியிருந்தால் அவர்கள் காதில் விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்தக் கடிதத்தைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். 1988 முதல் இங்கிலாந்தில் பெண்களைப் பதிவேட்டில் வைத்து, தவணை வரும்போது பெயர் சொல்லிக் கடிதம் அனுப்பிப் பரிசோதனைக்கு அழைக்கும் ஏற்பாடு இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஜேட் குடிக்காக வந்த கூட்டத்தை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: 50 வயதுக்குக் குறைந்தவர்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள், தவணை தவறியவர்கள் அவர்களில் கணிசமாக இருந்தார்கள், தேவையில்லாமல் முன்கூட்டியே வந்தவர்கள் குறைவு. வர வேண்டியவர்களே வந்தார்கள். அலையைக் கிளப்பியவர் ஜேட் குடி என்றாலும் அதைப் பயனாக்கியது இருபது ஆண்டுகளாக நடந்துவந்த அலுவலக வேலை.

அலையின் மறுபக்கமும் உண்டு. பரிசோதனை தொடங்கும் வயதை 25இலிருந்து 20ஆகக் குறைக்கக் கோரிப் பெரும் கிளர்ச்சி எழுந்தது. நிபுணர் குழு 2009இலேயே அதை ஆராய்ந்து, 25 வயதே இருக்கட்டும் என்றது. மிக இளம் வயதில் கருப்பைவாயில் தென்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடும். அவற்றுக்குச் சிகிச்சை செய்தால் பிற்காலத்தில் குறைப்பிரசவ ஆபத்து கூடலாம். துக்கத்தில் இருக்கும் ஒரு நாட்டிடம் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் அலையும் அடங்கியது. இளம் பெண்களின் வருகை மறுபடி சரிந்தது.

இனி ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி. 2013 மே 14 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் தனக்குப் பிறழ்வு இருப்பதாகவும், மார்பகப் புற்றுநோய் வருவதற்கு 87 சதவீத வாய்ப்பு உண்டென்று மருத்துவர்கள் கணித்ததாகவும், அதனால் இரு மார்பகங்களையும் முன்கூட்டியே அகற்றிக்கொண்டதாகவும் சொன்னார். அவருடைய தாய் 56 வயதில் புற்றுநோயால் இறந்தவர். நிதானமான, பொறுப்பான கட்டுரை. எல்லாருக்கும் இது தேவை என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் அடுத்த 15 வேலை நாட்களில் அந்த மரபணுப் பரிசோதனைகள் 64 சதவீதம் உயர்ந்தன. பரிசோதனை செய்துகொண்டவர்களில் அறுவை சிகிச்சைக்குப் போனவர்களின் விகிதம் உயரவில்லை, சற்றுக் குறைந்தது. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் ஆபத்து குறைந்தவர்கள் என்றே ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் கொண்டார்கள். பரிசோதனைக்கு அப்போது 3,000 டாலருக்கு மேல் ஆயிற்று. வேறொரு கணக்கெடுப்பு இன்னும் சுவையானது: அமெரிக்கர்களில் நான்கில் மூவருக்கு ஜோலியின் கதை தெரிந்திருந்தது; அந்த மரபணு ஆபத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. செய்தி போய்ச் சேர்ந்தது, அதில் இருந்த எண்கள் போய்ச் சேரவில்லை.

பிரிட்டனிலும் அதே கட்டுரை அதே பரபரப்பைக் கிளப்பியது. மார்பகப் புற்றுநோய்க் குடும்ப வரலாற்று மையங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் 2013 ஜூன், ஜூலையில் முந்தைய ஆண்டைவிட இரண்டரை மடங்கு. ஆனால், தேவையில்லாமல் அனுப்பப்பட்டவர்களின் விகிதம் அங்கே கூடவில்லை. இரு நாட்டு ஆய்வுகளும் ஒரே அளவுகோலைக் கையாளவில்லை என்பதால் இவற்றை நேருக்கு நேர் நிறுத்துவதில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். என்றாலும் வேறுபாட்டின் காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பிரிட்டனில் முதலில் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் தாய், சித்தி, பாட்டி வரை விசாரித்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு அனுப்புவார். நட்சத்திரம் ஒருவரே, வாசல்கள் வேறு.

இந்தியாவுக்கு வருவோம். 2024 பிப்ரவரி 1 அன்று இடைக்கால நிதிநிலை அறிக்கையில், 9 முதல் 14 வயதுவரையிலான சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். மறுநாள், நடிகை பூனம் பாண்டே அதே நோயால் இறந்துவிட்டார் என்று அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கமே அறிவித்தது. இரங்கல்கள் குவிந்தன. பிப்ரவரி 3 அன்று அவரே காணொளியில் தோன்றி, உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். இதை நடத்திய விளம்பர நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இணையத்தில் அந்நோயைத் தேடியவர்கள் பெருகினார்கள் என்பது அவர்களுடைய சமாதானம்.

தேடியிருப்பார்கள். தேடியபின் எங்கே போவது? இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் வந்ததாகவும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 30–49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். பெயர் சொல்லி அழைக்கும் கடிதம் இல்லை, பதிவேடு இல்லை. ஜேட் குடியின் மெய்யான மரணத்துக்கு இங்கிலாந்தில் இருந்த வாசல், பூனம் பாண்டேயின் பொய் மரணத்துக்கு இங்கே இல்லை. அறமற்ற செயல் என்று அவரைத் திட்டியவர்கள் சரியாகத்தான் திட்டினார்கள். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் எல்லாரும் அந்த நோயை மறந்துவிட்டு அவரைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அதைத் திட்ட ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் நாம் கண்ணெதிரே பார்த்த வழக்கு நடிகர் விவேக்குடையது. 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். பிறகு செய்தியாளர்களிடம், தடுப்பூசி பாதுகாப்பானது, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மரம் நடுதல், பிளாஸ்டிக் ஒழிப்பு என்று பல காரியங்களில் அவர் சொல்லை மக்கள் மதித்தார்கள். நகைச்சுவையோடு புத்தி சொல்லும் ஆள் என்ற பெயர் அவருக்கு இருந்தது. மறுநாள் மாரடைப்பு. ஏப்ரல் 17 அதிகாலையில் இறந்தார்.

இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் விளக்கினார்கள். இவ்வளவு பெரிய அடைப்பு ஒரே நாளில் உருவாவதில்லை என்றார்கள். சுகாதாரத் துறைச் செயலரும் பேசினார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது என்று யார் சொன்னாலும் கேட்கும் நிலையில் ஊர் இல்லை. தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, தற்செயலாக நேர்ந்தது என்று தேசிய ஆய்வுக் குழுவின் முடிவு வெளிவந்தது 2021 அக்டோபரில். அதற்குள் இரண்டாம் அலை வந்து போய்விட்டது.

இதில் மக்களின் அறியாமையைக் குறை சொல்வது எளிது. விவேக்கைக் கேமரா முன்னால் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னபோது நாம் மக்களிடம் கேட்டுக்கொண்டது என்ன? 'புள்ளிவிவரத்தைப் பாருங்கள்' என்றல்ல. 'இவருக்கு ஒன்றும் ஆகவில்லை பாருங்கள்' என்றுதான். ஓர் உடலைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினோம். மறுநாள் அந்த உடல் வேறு சாட்சி சொன்னதாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள். நாம் கற்றுக்கொடுத்த தர்க்கத்தைத்தான் அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஒரு பிரபலத்தின் உடலை வைத்துப் பிரசாரம் செய்யும் அரசு, அந்த உடலுக்கு ஏதேனும் நேர்ந்தால் அன்று மாலைக்குள் என்ன சொல்லப்போகிறோம், யார் சொல்லப்போகிறார்கள் என்பதையும் எழுதிவைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் அறிக்கை ஆவணக் காப்பகத்துக்குத்தான் உதவும்.

அழகு விஷயத்திலும் உடல்தான் சாட்சி. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பும் அதன் பின்னால் வந்தவையும் விற்றது வெறும் சிவப்பழகை அல்ல. கதை எப்போதும் ஒன்றுதான்: மாநிறப் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, சில வாரம் தடவுவாள், இரண்டும் கூடிவரும். நிறத்தையும் வெற்றியையும் ஒரே டியூபில் அடைத்ததுதான் அந்த விளம்பரங்களின் சாமர்த்தியம். ஏற்கெனவே வெற்றிபெற்ற நடிகை அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவர் வென்றதே அதனால்தானோ என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் தானாக ஒட்டிக்கொள்ளும். சென்னையில் 2009இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் இதை எதிர்த்தது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதன் முகமானார். கறுப்பாக இருப்பவர்களை வேலையிலும் திருமணத்திலும் தோற்றவர்களாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. 2019இல் நடிகை சாய் பல்லவி அத்தகைய விளம்பரம் ஒன்றை மறுத்தது செய்தியானது. 2020இல் களிம்பின் பெயரில் 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது.

பெயர் மாறியதும் ஆசை மாறிவிடவில்லை. விளம்பரத்தில் வரும் களிம்பு பெரிதாக ஒன்றும் செய்யாதபோது, ஏமாந்தவர்கள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போகிறார்கள். அங்கே கிடைப்பது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. படைக்கும் அரிப்புக்கும் என்று வைத்திருப்பது. அதைத் தடவினால் சில நாட்களில் முகம் உண்மையிலேயே வெளுக்கும். அதுதான் ஆபத்து. தொடர்ந்து தடவத் தோல் மெலியும், கன்னத்தில் மெல்லிய சிவப்பு ரத்தநாளங்கள் வெளியே தெரியும், முகப்பரு பொங்கும், சிலருக்கு முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் இன்னும் கூடும். பயந்துபோய் மறுபடி அதையே தடவுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப்பெயரே வைக்க வேண்டிவந்தது. 2018இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. சட்டம் இருக்கிறது, கடைகளில் கேட்டால் இப்போதும் எடுத்துக் கொடுக்கிறார்கள். எந்த நடிகையும் ஸ்டீராய்டு டியூபுக்கு விளம்பரம் செய்ததில்லை. அதற்கான ஆளை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது மட்டும் விளம்பரத்தின் வேலை.

சட்டம் நட்சத்திரங்களை விட்டுவைக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்தில் தோன்றுபவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம். முதல் முறை ஓராண்டு வரையும், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரையும் விளம்பரங்களில் நடிக்கத் தடை. சொல்வது உண்மையா என்று உரிய முறையில் விசாரித்திருந்தால் தப்பலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் கண்ணுக்கு விளம்பரம் மட்டுமே தெரியும். 2024இல் நடிகை சமந்தா, சாதாரண வைரஸ் தொற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடை நெபுலைசரில் வைத்துச் சுவாசிக்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தபோது அவர் எதையும் விற்கவில்லை. மயோசைடிஸ் என்ற தசை அழற்சி நோயால் துன்பப்பட்டவர். தனக்குச் சொல்லப்பட்டதைப் பிறருக்கும் சொன்னார். மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அது நுரையீரலுக்குக் கேடு என்றார்கள். இதை எந்தப் பிரிவில் அடைப்பது?

நட்சத்திரங்கள் தாமாகவே மறுப்பதும் உண்டு, அரிதாக. 2001இல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த் குளிர்பான விளம்பரத்தில் நடிக்க மறுத்தார். நல்ல காரியம். குளிர்பான விற்பனை அதனால் குறைந்ததாகச் செய்தி இல்லை.

இப்போது, நட்சத்திரமே இல்லாமல் கூட்டம் வந்த ஒரு வாசல்: திண்டுக்கல். 2000ஆம் ஆண்டு தொடங்கி அம்பிளிக்கையை மையமாக வைத்து, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் துணையோடு அந்த மாவட்டக் கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயதுவரையிலான 49,311 பெண்கள் ஒரு பிரிவு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற சுமார் 31,000 பெண்கள் மற்றொரு பிரிவு. முதல் பிரிவினருக்குச் செய்த பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் கிடையாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். மாறுபட்ட செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். பார்த்துச் சொன்னவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே உறைநிலைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அழைத்தவர்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் வந்தார்கள். எந்த நடிகையும் அழைக்கவில்லை. களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது: அழைக்கப்பட்ட பிரிவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. உலகம் முழுவதும் ஏழை நாடுகளின் பரிசோதனைத் திட்டங்களுக்கு இந்த ஆய்வு ஆதாரமாயிற்று. தமிழ்நாட்டிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்?

தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007இல் வெள்ளோட்டம் பார்த்துப் பிறகு மாநிலம் முழுவதும் விரிந்தது தமிழக அரசின் பரிசோதனைத் திட்டம். இலங்கை 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இந்நோய்க்கான தடுப்பூசியைப் போட்டுவருகிறது. தமிழக அரசு 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட 2025 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்நோய் 87 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஜேட் குடி வாழ்ந்து வென்றிருக்க வேண்டிய நோயை அவர் நாட்டில் இன்று ஒழித்துக்கொண்டிருப்பது பள்ளிச் செவிலியரின் ஊசி.

மேலே சொன்ன 1.9 சதவீதம் நாட்டுக் கணக்கு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கணக்கு 9.8 சதவீதம், மாநிலங்களில் நாம்தான் முதலிடத்தில் இருந்தோம். பத்துப் பெண்களில் ஒன்பது பேர் ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொள்ளவில்லை என்பதும் அதே கணக்குத்தான். பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கிறது, கட்டணம் இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் 30 வயதைக் கடந்த பெண்கள் இருந்தால், யாராவது பிரபலம் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போய்வரச் சொல்லுங்கள்.